எறும்புகளோடு மலையேறிய டீசல் வண்டி

பழனியில் பஞ்சாமிர்தக் கடைக்காரர் தண்டபாணியின் கிடங்குக் கதவைத் திறந்தபோது முதலில் வெளியே வந்தது வெல்ல வாசனை. அடுத்து எறும்பு. மூன்றாவதாகத்தான் கார் வந்தது. 1981ஆம் வருஷம், ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. அங்கிருந்து கொடைக்கானல் அறுபத்து நாலு கிலோமீட்டர். பஸ்ஸில் மூன்று மணி நேரப் பயணம். எங்களுக்கு எவ்வளவு ஆயிற்று என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மிச்சத்தை வாசிக்க மாட்டீர்கள்.

அந்த வண்டி என் மாமனார் ஆசீர்வாதத்தினுடையது. சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரிடமிருந்து அவர் வாங்கியது. கூரை கடைசிவரை நீண்டு, பின்னால் ஒரு கதவு வைத்த டீசல் வண்டி. மூன்று கட்டிலை உள்ளே போட்டுக் குடித்தனம் நடத்தலாம். மாமனார் காலமான பிறகு அவருடைய சிநேகிதர் தண்டபாணி, "இங்கேயே கெடக்கட்டும்" என்று கிடங்கில் இடம் கொடுத்தார். எட்டு வருஷம் கிடந்தது. இந்தப் பக்கம் வெல்ல மூட்டை, அந்தப் பக்கம் பேரீச்சம்பழப் பெட்டி. பழனி எறும்புகளுக்கு இதைவிட நல்ல வீடு யார் கட்டிக் கொடுப்பார்கள்?

அதை இப்போது எழுப்ப வேண்டி வந்ததற்குக் காரணம் என் மனைவி ஸ்டெல்லாவின் மாறுதல் உத்தரவு. நாங்கள் குடியிருப்பது கொடைக்கானலில். நான் அங்கே ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவன், அவள் ஆசிரியை. அவளைப் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, பூம்பாறைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பள்ளியில் ஒன்பதரைக்கு மணி அடிப்பார்கள். பஸ் பத்து மணிக்குப் போய்ச் சேரும். தலைமையாசிரியர், "நேரத்துக்கு வாங்க, இல்லேன்னா இங்கயே தங்கிருங்க" என்று சொல்லிவிட்டார். ஸ்டெல்லா அங்கே ஒரு வீட்டு மாடியில், பூண்டு காயப்போடும் பரணுக்குப் பக்கத்து அறையைக் கேட்டு வைத்துவிட்டாள். சனிக்கிழமையும் அரை நாள் பள்ளி உண்டு என்பதால் வாரம் முழுக்க அங்கே வாசம்.

"திங்கக்கிழமை வண்டி வந்து நின்னா வீட்டுலேருந்து போறேன். இல்லைன்னா பெட்டியோட போறேன்" என்றாள். "நீங்க சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பார்த்துக்கலாம்."

ஜெயிலில் இருப்பவரைத்தான் இப்படிப் பார்க்கப் போவார்கள். ஆனால் இதில் ஜெயிலில் இருக்கப்போவது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். அதற்கு முன்னால் நான் சாப்பிட்டதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பழனிக்கு வந்துவிட்டேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிள் ஓட்டுவேன், அதுவும் இறக்கத்தில். அதனால் மாறுதல் உத்தரவு வந்த அன்றே வண்டியைச் சரிசெய்யும் பொறுப்பை அடிவாரத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் காதர் பாயிடம் விட்டிருந்தேன். ஒரு மாதமாக அவர் கிடங்கிலேயே அதனோடு மல்லுக்கட்டினார். டாங்கில் கூழாகியிருந்த டீசலை வழித்தெடுத்தார். பிரேக் ரப்பர்களை மாற்றினார். டயர்களை வேறு போட்டார்.

"இன்னொரு வேலையும் பண்ணிட்டேன் சார்" என்றார் பாய், புறப்படும் முன்னால், பெருமையாக. "இஞ்சின்ல நாலு ஹீட்டர் பிளக்கு இருந்துச்சு. பேட்டரி கரண்டைக் குடிச்சே கொல்லும். கழட்டி எறிஞ்சுட்டு ஓட்டைய அடைச்சுட்டேன். நம்மூரு வெயிலுக்கு அது எதுக்கு?"

"பிரமாதம் பாய்" என்றேன். எனக்குப் புரியாத எதையும் நான் பாராட்டிவிடுவது வழக்கம். லாட்ஜ் வேலையில் பழகியது.

தண்டபாணி இரண்டு டப்பா பஞ்சாமிர்தத்தை என் மடியில் வைத்தார். "ஆசீர்வாதம் சார் வண்டி எடுக்கறதுக்கு முன்னால கண்ண மூடி ஒரு ஜெபம் சொல்லுவாருங்க. அது முடிஞ்சாத்தான் சாவியத் தொடுவாரு. நீங்களும் சொல்லிருங்க."

"அது அவரு நம்பிக்கைங்க. இது என் கைராசி" என்றார் பாய். சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே வண்டி கனைத்து எழுந்தது. தெருவே கறுப்பாயிற்று. எதிர்க் கடைக்காரர் பூமாலைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஏழு மணி, அடிவாரச் சோதனைச் சாவடி. காவலர் குனிந்து உள்ளே பார்த்தார். "ஆஸ்பத்திரி வண்டியா?"

"இல்லைங்க, குடும்ப வண்டி."

"குடும்பம் எங்க?"

"அது மேல இருக்கு. அதைக் காப்பாத்தத்தான் போறோம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கம்பைத் தூக்கிவிட்டார்.

ஏழே முக்கால். ஏற்றம் தொடங்கி இஞ்சின் சூடேறியதும் எறும்புகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முதலில் டாஷ்போர்டின் ஓரத்தில் ஒரு வரிசை கிளம்பியது. பிறகு சீட்டின் தையலுக்குள்ளிருந்து ஒரு வரிசை. பிறகு வரிசையெல்லாம் இல்லை, ஊரே காலி செய்துகொண்டு வெளியே வந்தது. பாய்க்கு இரண்டு கையும் ஸ்டியரிங்கில். "சார், கழுத்துல... கழுத்துல... இல்ல சார், உள்ள போயிருச்சு" என்று அவர் சொல்லச் சொல்ல நான் அவருக்கும் எனக்கும் மாறி மாறித் தட்டிக்கொண்டே வந்தேன். பஞ்சாமிர்த டப்பாவை மடியில் வைத்திருந்தவன் நான்தான் என்பதை மறக்க வேண்டாம்.

சவரிக்காட்டில் ரேடியேட்டர் கொதித்தது. ஓடைத் தண்ணீர் ஊற்றினோம். இரண்டு வளைவு தாண்டி மறுபடி கொதித்தது. வடகவுஞ்சிக்குப் போகவேண்டிய ஒரு விவசாயி, ராமசாமி என்று பேர், இரண்டு வாழைத்தாரோடு கை காட்டினார். ஏற்றிக்கொண்டோம். ஐந்து நிமிஷத்தில் வேட்டியை உதறிக்கொண்டே கேட்டார்:

"ஏங்க, இந்த வண்டியில எறும்புக்குத் தனியா டிக்கெட்டா?"

"அதுங்கதான் ஓனரு. நாங்க ரெண்டு பேரும் வேலைக்காரங்க" என்றார் பாய்.

அடுத்த கொதிப்பில் ராமசாமி இறங்கிக்கொண்டார். "நீங்க வாங்க, நான் வெரசா போறேன். சோலி கெடக்கு" என்று தார்களைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அரை மணி கழித்து வடகவுஞ்சியில் அவர் டீக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துக் கிளாஸை உயர்த்திக் காட்டினார்.

பன்னிரண்டேகால், பெருமாள்மலை. இங்கே பனி இறங்கிவிட்டது. கடைவாசலில் நின்ற ஒருவர் எங்கள் நீண்ட கறுப்பு வண்டி ஊர்ந்து வருவதைக் கண்டதும் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார். இன்னும் இருவர் எழுந்து நின்றார்கள். வாழ்க்கையில் எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. இறங்கி டீ கேட்ட பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. "பொணம் எங்கயோன்னு பார்த்தோம்" என்றார் கடைக்காரர். டீ முப்பது பைசா, பஜ்ஜி பதினைந்து பைசா. பாய் குளிரில் கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, "இன்னும் மேலயா சார் போகணும்?" என்று கேட்டார். இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது.

ஒன்றரைக்குக் கொடைக்கானல். ஆக, ஏழு மணி நேரம்.

ஸ்டெல்லா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு முகர்ந்தாள். "அப்பா வாசனை போயிருச்சு. அல்வாக் கடை மாதிரி இருக்கு" என்றாள். அப்புறம் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். ஓட்டத் தெரிந்தவள் அவள்தான். அவள் அப்பா இதே வண்டியில் ஏரியைச் சுற்றிச் சுற்றிக் கற்றுக் கொடுத்திருக்கிறார்.

பாய் அன்றிரவு எங்கள் வீட்டில் தங்கினார். என் இரண்டு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா, எங்களுடைய மூன்று கம்பளி எல்லாம் அவர்மேல் இருந்தன. நாங்கள் மீதியில் படுத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை, காலை ஏழு மணி. புல்லில் பனித்துளி, மூச்சில் புகை. பாய் கைராசியோடு சாவியைத் திருப்பினார். கொர்... கொர்... கொர்... அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். கொர்... கொர்... மூன்றாவது தடவை ஒரு கொர்தான். ஸ்டெல்லாவின் பெட்டி கட்டியபடி வாசலில் இருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

"சார், இங்க வெயில் எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டார் பாய்.

"ஜூன் மாசத்துலயா? வந்தா லாட்ஜுல போர்டு எழுதி வைப்போம்."

"நகருங்க பாய்" என்றாள் ஸ்டெல்லா. உட்கார்ந்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஒரு சின்னப் பொத்தானை விரலால் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிப் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தாள். நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல். ஆமென் சொல்லிப் பொத்தானை விட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினாள். கொர் கூட வரவில்லை.

"எங்கப்பா தினமும் இப்படித்தான் எடுப்பாரு. குளிர்காலம்னா ரெண்டு தடவை சொல்லுவாரு. ஒரு நாள் கூட எடுக்காம இருந்ததில்லை."

பாய் குல்லாவைக் கழற்றினார். அவர் முகத்தைப் பார்த்தால் எறும்பு மறுபடி உள்ளே போய்விட்டதோ என்று தோன்றியது.

"அம்மா... அந்தப் பொத்தான் எதுக்குன்னு தெரியுமா? அதை அமுக்குனாத்தான் ஹீட்டர் பிளக்கு சூடாகும். அரை நிமிசம் புடிச்சிருக்கணும். கடிகாரம் பாக்குறதுக்குப் பதிலா உங்கப்பா ஜெபம் சொல்லியிருக்காரு." குல்லாவைக் கையில் சுருட்டினார். "நாலு பிளக்கையும் நான் கழட்டி எறிஞ்சுட்டேன்."

"எங்க எறிஞ்சீங்க?"

"பழைய இரும்புக்காரன்ட்ட. போன வாரம்."

மணி ஏழே முக்கால். பூம்பாறைக்கு ஒரு மணி நேரம் வேண்டும். இப்படி யாரும் பேசாத இடங்களில் வாயைத் திறப்பது என் பிறவிக்குணம். குளிப்பதற்காகப் பாய்லரில் வாட்டில் மர விறகு போட்டுத் தண்ணீர் காயவைத்திருந்தேன். "வேணும்னா என் வெந்நீரை எடுத்து வண்டியைக் குளிப்பாட்டுங்க. நான் குளிச்சு என்ன ஆகப்போகுது?" என்றேன்.

பாய் என்னை உற்றுப் பார்த்தார். "சார்! எத்தனை வாளி இருக்கு?"

அடுத்த இருபது நிமிஷம் தெரு முழுக்க எங்கள் வாசலில் நின்றது. பாய் ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரை ஓடவிட்டார். நான் வெந்நீர் சுமந்தேன். "மெல்ல, மெல்ல! திடீர்னு ஊத்துனா இரும்பு வெடிச்சிரும்" என்று அவர் ஒரு செம்பு ஒரு செம்பாக ஊற்றினார். முதல் வாளி உள்ளே போய்க் கீழே வழிந்தோடியது. குழாயை மூடி இரண்டாவது வாளியை ஊற்றினார். இஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"பேட்டரி செத்துப் போச்சு. சரிவுலதான் உருட்டணும். ஒரே தடவைதான்மா. கீழ போயும் எடுக்கலைன்னா அப்புறம் சமதரை."

ஸ்டெல்லா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நானும் பாயும் பின்னால் நின்று தள்ளினோம். எட்டு வருஷம் வெல்லத்தோடு கிடந்த அந்தக் கனம் மெல்ல நகர்ந்து, ஓடி, எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. சரிவின் பாதி வரைக்கும் சத்தமே இல்லை. முக்கால்வாசியில் ஒரு குலுக்கல். கடைசி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய இருமல், வெள்ளைப் புகை, அப்புறம் கடகடகடவென்று டீசல் சத்தம். நாங்கள் இருவரும் புகைக்குள் ஓடி ஏறிக்கொண்டோம். மணி எட்டு பத்து.

பூம்பாறைச் சாலை அகலம் குறைவு. ஸ்டெல்லா ஹாரனை மட்டும் தாராளமாகப் பயன்படுத்தினாள். காட்டைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பியதும் பூம்பாறை கீழே விரிந்தது. மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகப் பூண்டு வயல், நடுவில் ஓட்டு வீடுகள், கோயில் கோபுரம். நான் ரசித்துக்கொண்டிருந்தபோது பாய் கடிகாரத்தைக் காட்டினார். ஒன்பதேகால்.

அவள் நேராகப் பள்ளிக்குப் போகவில்லை. பூண்டு வாசம் வீசும் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் இறங்கினாள். வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார்.

"அக்கா, ரூம் வேணாம். நான் தினமும் வந்து போயிருவேன்."

"ஏன் டீச்சர், பூண்டு வாசம் ஒத்துக்கலையா?"

"அது இல்லக்கா. வீட்டுல ஒருத்தருக்குச் சோறு வடிக்கத் தெரியாது."

அந்த அம்மா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் பாயைக் கைகாட்டினேன். நம்பவில்லை.

பள்ளிக்கூட மணி அடித்தபோது ஸ்டெல்லா கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

பாய் மறுநாள் பஸ்ஸில் இறங்கிப் போனார். கோயமுத்தூரில் ஹீட்டர் பிளக் தேடுவதாகச் சொன்னார். இன்னமும் தேடுகிறார். எறும்புகள் இந்தக் குளிரைப் பார்த்துவிட்டு எங்கே போயின என்று தெரியவில்லை. வண்டி தினமும் ஓடுகிறது. இரவில் தண்ணீரை வடித்துவிட வேண்டும், காலையில் வெந்நீர் ஊற்ற வேண்டும், சரிவில் உருட்ட வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்குப் பூம்பாறைச் சாலைப் பக்கம் அந்தக் கடகடச் சத்தம் கேட்டால் லாட்ஜில் என் மேலாளர், "உங்க வீட்டம்மா வந்துட்டாங்க, நீங்க கெளம்புங்க" என்கிறார். முன்பெல்லாம் ஆறரைக்குத்தான் விடுவார்.

நான் பிறந்து வளர்ந்தது பழனியில். அங்கே தினம் இரண்டு வேளை குளிப்போம், சண்முகநதியில் தண்ணீர் இருந்தால் மூன்று வேளை. இங்கே எங்கள் பாய்லரில் ஒரு காலைக்கு மூன்று வாளி காயும். இரண்டு வாளி வண்டிக்கு. ஒன்று ஸ்டெல்லாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச்சுக்கு நாங்கள் நடந்து போகிறோம். அன்றைக்குத்தான் நான் குளிக்கிறேன்.