நான் காப்பாற்றியதாகச் சொன்ன ஆள்

ஐம்பது வயதுக்கு மேல் எனக்கும் மூன்று நண்பர்களுக்கும் பசிபிக் கடலில் இருக்கும் தாகித்தித் தீவுக்குப் போய்க் கடலடியில் பவளப்பாறை பார்க்கும் ஆசை வந்தது. டிக்கெட் போட்ட கையோடு, தூத்துக்குடியிலேயே முக்குளிக்கப் பழகிக்கொள்ள, சங்கு குளிக்கும் அந்தோணியிடம் பேசினோம். வாய்ச்சவடால் எனக்குத்தான் அதிகம் என்பதால் முதல் நாள் நான் மட்டும் தனியாகப் போய் இறங்கினேன்.

இரண்டு ஆள் ஆழம்தான். விரல் நீள மீன் ஒன்று என் முகத்துக்கு நேரே வந்து நின்று, என்னைப் பார்த்தது. அவ்வளவுதான். என் வாயிலிருந்த காற்றுக் குழாயைத் துப்பிவிட்டு, அந்தோணியின் குழாயைப் பிடுங்கிக்கொண்டு, அவர் தோளில் ஏறிவிட்டேன். அவர் மூச்சில்லாமலே என்னை மேலே கொண்டுவந்தார்.

சாயங்காலம் டீக்கடையில் நண்பர்களிடம் கதையை மாற்றிச் சொன்னேன்.

"ஏலே, மீனக் கண்டு அந்தோணி பதறிட்டாரு. நாந்தான் தூக்கிட்டு வந்தேன்."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் ஒருவன், "அவர நம்பி எப்படிலே எறங்க?" என்றான். பயிற்சிக்கு வேறு ஆளைப் பிடித்தார்கள்.

பயணத்துக்கு முந்திய வாரம் கடற்கரைச் சாலையில் அந்தோணி எதிரே வந்தார்.

"அண்ணாச்சி, அங்கன பயமா இருந்தாலும் குழாய விட்டிராதீய. பல்லால கடிச்சிக்கிடுங்க" என்றார். பிறகு, "ஒங்க கூட்டாளிமாரு ஏன் வரலன்னுதான் தெரியல" என்றார்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது.

"ஒம்ம மீசையப் பாத்துப் பயந்திருப்பானுவ வே" என்றேன்.

அந்தோணி மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவர் ஒருவர் சிரித்ததை மட்டும் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.