ஹெப்ரான் துப்பாக்கி பார்த்த வருஷம்

அம்பாசமுத்திரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேதியியல் ஆய்வகத்து உதவியாளராக இருக்கும் ஹெப்ரானுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இதுவரை அவர் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை. வீட்டில் கோழி அறுக்கிற அன்று பின்வாசல் வழியாக நழுவிவிடுவார். குழம்பு கொதிக்கிற வாசனை தெருவுக்கு வந்த பிறகுதான் திரும்புவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்குத் துப்பாக்கி ஆசை எப்படி வந்ததென்றால், பன்றியால் வந்தது.

பாபநாசத்துக்குப் போகிற வழியில், மலை இறங்கி வந்து உட்கார்ந்துகொள்கிற இடத்தில், அவர் மனைவி பெர்சிஸுக்குச் சீதனமாக வந்த ஒரு துண்டு வயல் இருக்கிறது. நெல்லும் போட்டுப் பார்த்தார்கள், வாழையும் வைத்துப் பார்த்தார்கள். எது வைத்தாலும் காட்டுப் பன்றிக்குப் பிடித்திருந்தது. கூட்டமாக இறங்கி வந்து, கன்றைத் தோண்டிக் கிழங்கைத் தின்றுவிட்டு, வரப்பையும் உழுதுவிட்டுப் போகும். வனத்துறைக்கு எழுதிப் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. போன வருஷம் பெர்சிஸ் கையை உதறிவிட்டாள்.

"வித்துருவோம். பன்னிக்கு விவசாயம் பாக்க நம்மால ஆவாது," என்றாள்.

ஹெப்ரானுக்கு அந்த வயலை விட மனசில்லை. சாயங்காலம் அந்த வரப்பில் உட்கார்ந்தால் மலையிலிருந்து மேகம் பைய இறங்கி வாழை இலைமேல் படியும். கால்வாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் அவருக்கு நேரம் போவது தெரியாது. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் யோசனை பிறந்தது. வயலின் நாலு மூலையிலும் தகரம் கட்டித் தொங்கவிடுவது. நடுவில் பரண். பரணில் அவர், கையில் ஒரு ஏர் ரைபிள். பன்றி எந்த மூலையில் இறங்குகிறதோ அந்த மூலைத் தகரத்தைக் குறிபார்த்து அடித்தால், 'டங்' என்ற சத்தத்தில் மலை ஏறிவிடும். பன்றிக்கும் காயம் இல்லை, சட்டத்துக்கும் பயம் இல்லை.

"தகரத்தக் கம்ப வச்சுத் தட்டுனா சத்தம் வராதா?" என்று கேட்டாள் பெர்சிஸ்.

"நாலு மூலைக்கும் ஓடி ஓடித் தட்டுததுக்குள்ள பன்னி தின்னு முடிச்சிரும்ட்டி."

கனவு காண்கிறவரோடு வாதாடி ஜெயித்தவர் யார்?

அன்று முதல் ஹெப்ரான் துப்பாக்கியிலேயே வாழ்ந்தார். மாதத்துக்கொரு சனிக்கிழமை பஸ் ஏறித் திருநெல்வேலி டவுனுக்குப் போய்விடுவார். அங்கே ஒரு சந்துக்குள் மைதீன் பாத்திமா என்ற அம்மாள் துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். கணவர் காலமான பிறகும் கடையை மூடாத தைரியசாலி. முதலில் ஹெப்ரானின் கண் போனது, தொலைநோக்கி பொருத்திய பளபளப்பான கறுப்புத் துப்பாக்கி மேல்தான்.

"அதத் தொடாதிய அண்ணாச்சி. மினுக்குததுக்கே பாதி விலை," என்றார் பாத்திமா. "காத்தடைக்கிற இந்த ரகம் நல்லதுதான், ஆனா அதுக்குத் தனியா பம்பு வாங்கணும். துப்பாக்கி விலையோட பம்பு விலையும் சேரும். கையில உள்ளதுக்குத் தக்கன வாங்கணும்னா, குழல மடக்கி அழுத்துத இந்தச் சுருள்வில் ரகம்தான் சரி. வில்லு தேஞ்சா இங்கனயே மாத்தித் தருவேன்."

ஹெப்ரான் அதை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தார். கட்டை அவர் தோளுக்கென்றே செதுக்கியதுபோல் உட்கார்ந்தது. கன்னத்தை மரத்தில் சாய்த்து இடது கண்ணை மூடினார். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் மறைந்துபோய் வாழைத்தோப்பு தெரிந்தது. பாத்திமா இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் அவர் கடைக்குத் திரும்பி வந்தார்.

ஆனாலும் உடனே வாங்கிவிடவில்லை. ஒரு மாதம் மரக்கட்டை, ஒரு மாதம் பிளாஸ்டிக் கட்டை. கனம் கூடினால் கை நடுங்காது, ஆனால் வரப்பில் தூக்கி நடக்க முடியாது. குழல் நீண்டால் மடக்குவது சுலபம், ஆனால் பரணில் இடிக்கும். இதையெல்லாம் வகுப்பறை மணி அடிப்பதுகூடக் காதில் விழாமல் யோசித்தார். எனக்கென்னவோ, வாங்குவதைவிடத் தேர்ந்தெடுப்பதில்தான் அவர் சொர்க்கம் இருந்தது என்று தோன்றுகிறது. கடைசியில் அந்தச் சுருள்வில் ரகத்துக்கே வந்து சேர்ந்து, பழைய மோட்டார் சைக்கிளை விற்றுப் பணமும் புரட்டிவிட்டார்.

அதற்குள் பெர்சிஸின் பொறுமை தீர்ந்துபோனது. அந்த வருஷம் தோப்பில் பன்றி விட்டுவைத்தது ஒரே ஒரு வாழைதான். அது தள்ளிய ஏத்தன் குலையை அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு முதற்பலன் காணிக்கையாக வேதக்கோயிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மனை வியாபாரம் செய்யும் செந்தில்முருகனிடம் வயலுக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டாள். பண்டிகை முடிந்த மறுநாள் பத்திரம் என்று பேச்சு.

ஹெப்ரான் கெஞ்சினார். "பண்டிகை அன்னைக்குச் சாயங்காலமே துப்பாக்கியோட வந்து நிக்கேன். அதப் பாத்துட்டுச் சொல்லு."

"பாப்போம்," என்றாள் அவள். அவள் பார்க்கப்போவதில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்து, கோயில் முன்னால் பந்தலில் முதற்பலன் ஏலம் தொடங்கியது. சேவல், பூசணிக்காய், நெல் மூட்டை, எல்லாவற்றுக்கும் சந்தை விலைக்குமேல் கேட்பார்கள். குறைத்துக் கேட்டால் ஆண்டவர் காணிக்கைக்கு மரியாதைக் குறைச்சல். அந்தச் சபையில் இன்னொரு வழக்கமும் உண்டு. தருமம் மறைவாக இருக்க வேண்டுமென்று, கேட்கிறவர் பெயரை மூன்றாம் தரம் முடியும்வரை சொல்ல மாட்டார்கள். ஆண்கள் விரலை உயர்த்தினால் போதும், ஒரு விரலுக்கு ஐந்நூறு ஏறும். பெண்கள் பக்கத்துக்குச் சாரம்மாள் டீச்சர். பெண்கள் அவர் காதில் சொல்வார்கள், அவர் கையைத் தூக்குவார். கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மட்டும் ஏலம் விடுகிறவர் கூவுவார்.

ஹெப்ரான் பந்தல் கால் ஒன்றில் சாய்ந்து நின்றார். சட்டைப் பையில் துப்பாக்கிப் பணம். சபையார் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் அசனச் சோறு சாப்பிட்ட கையோடு டவுன் பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டம். ஏலம் விடுகிற உபதேசியார் அப்பாத்துரை, பெர்சிஸ் கொடுத்த குலையை எல்லோரும் பார்க்கும்படி கயிற்றில் தொங்கவிட்டார். காற்றில் அது இலேசாக ஆடியது.

அவ்வளவுதான். அந்த ஆட்டத்தில் ஹெப்ரான் போய்விட்டார். பந்தல் போனது, கூட்டம் போனது, மலை வந்தது, மேகம் வந்தது. ஆடுவது குலை இல்லை, கிழக்கு மூலைத் தகரம். இடது கண் தானாக மூடியது. வலது கை நெஞ்சுக்கு நேரே எழுந்தது. மூச்சைப் பிடித்து, விரலை அசைத்தார்.

"ஆம்பளைங்க பக்கம்!" என்றார் உபதேசியார்.

டங். பன்றி ஓடியது. இன்னொன்று மேற்கு மூலையில் இறங்கியது.

"பொம்பளைங்க பக்கம்!"

ஹெப்ரான் மறுபடி குறிபார்த்தார். மற்றவர்களும் லேசில் விடவில்லை, விலை எங்கோ ஏறிய பிறகுதான் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் சாரம்மாள் டீச்சரின் கை. விலை ஏற ஏறப் பந்தலில் பேச்சு அடங்கியது. பக்கத்தில் நின்றவர்கள், தன் வயலின் குலைக்குத் தானே இப்படிக் கேட்கிறாரே, என்ன பக்தி என்று நெகிழ்ந்துபோய்ப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் அவரைத் தொட்டு எழுப்பவில்லை. கடைசியில் சாரம்மாள் டீச்சரின் கை இறங்கியது.

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்! ஹெப்ரான் தம்பிக்கு!"

கைதட்டலில்தான் அவர் விழித்தார். தோளைத் தட்டினார்கள், தட்டை நீட்டினார்கள். விலையை இரண்டு முறை கேட்டுக்கொண்டார். ஆண்டவர் காரியத்தில் தூக்கத்தில் கேட்டேன் என்று சொல்ல முடியுமா? துப்பாக்கிப் பணம் முழுதும் தட்டில் போனது.

குலையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார். பெர்சிஸ் பின்னால் வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அழ ஆரம்பித்தாள்.

"ஏன் இப்படிச் செஞ்சிய? எனக்காகத் துப்பாக்கிய விட்டுட்டியளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் அந்தப் பெருமை நின்றிருக்கும். ஹெப்ரானுக்குப் பொய் வராது.

"நான் ஏலம் கேக்கலட்டி. நான்... தகரத்தச் சுட்டுக்கிட்டு இருந்தேன்."

பெர்சிஸ் அழுகையின் நடுவிலேயே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஹெப்ரானுக்குக் கோபம் வந்தது. "எல்லாம் அந்தப் பொம்பளையால வந்தது. விடாமக் கேட்டாளே, அவ நிறுத்தியிருந்தா எம் பணம் பொழச்சிருக்கும். யாருட்டி அது?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"நான்தான்."

ஹெப்ரான் குலையைத் தரையில் இறக்கி வைத்தார். பிறகு பைய கேட்டார்: "விக்கப்போற வயல்ல வெளஞ்ச குலைக்கு எதுக்குட்டி அவ்வளவு கேட்ட?"

"அத வேற யாரும் தூக்கிட்டுப் போறதப் பாக்க முடியல. கேக்கக் கேக்கத்தான் தெரிஞ்சுது, எனக்கு விக்க மனசே இல்லன்னு. அட்வான்ஸ் பணத்தோட பையில இருந்தது அவ்வளவுதான். அதுக்கு மேல போனதும் நிறுத்திட்டேன்."

கைப்பையைத் திறந்து காட்டினாள். செந்தில்முருகன் கொடுத்த கட்டு பிரிக்காமல் அப்படியே இருந்தது. அவள் ஃபோனை எடுத்து, "அண்ணாச்சி, நாளைக்கு வந்து உங்க பணத்த வாங்கிக்கிடுங்க, நாங்க விக்கல," என்று சொல்லி வைத்தாள்.

ஹெப்ரானுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இருந்தாலும் ஒரு ஓரத்தில் அந்த மரக்கட்டை இன்னும் தோளை உரசிக்கொண்டுதான் இருந்தது. "அங்கன நின்னு நான் கனாக் காணாம இருந்திருந்தா, இந்நேரம் துப்பாக்கியோட வந்திருப்பேன்," என்றார்.

"வந்திருப்பிய," என்றாள் பெர்சிஸ். "குலை எங்கிட்ட இருந்திருக்கும். மத்தவங்க ஏத்திவிட்ட விலைக்கே அட்வான்ஸ் தட்டுல போயிருக்கும். திருப்பிக் குடுக்க வழியில்லாம நான் பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருப்பேன். நீங்க துப்பாக்கிய வச்சுக்கிட்டு யார் வயலுக்குக் காவல் இருந்திருப்பிய?"