சால்வைக் கூடை

எங்கள் கோயில் வாசலில் ஒரு பிரம்புக் கூடை இருக்கும். அதற்குள் மடித்து வைத்த சால்வைகள். கையில்லாத பிளவுஸ், முதுகு இறங்கிய பிளவுஸ், முட்டிக்கு மேல் ஏறிய பாவாடை என்று எந்தப் பெண் எதைப் போட்டுக்கொண்டு வந்தாலும், கூடையிலிருந்து ஒன்றை எடுத்துப் போர்த்திவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். ஆண்களுக்கு அதிலிருந்து ஒரு நூல்கூடக் கொடுத்ததில்லை. ஆண்களுக்கு உடம்பே கிடையாது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கோயில் பீடோர் பக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம், இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய்க்கான செம்பனை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள், மாரியம்மன் மட்டும் நகர மறுத்துவிட்டாள். நாங்கள் புந்தோங், கமுந்திங், கோலாலம்பூர் என்று சிதறிப் போனோம். திருவிழா அன்று மட்டும் பஸ் பிடித்துத் திரும்பிப் போவோம். தோட்டத்தை நினைத்து ஏங்குகிறவள் இல்லை நான். அங்கே கடித்த அட்டைகளை இன்னும் மன்னிக்கவில்லை. அம்மனைப் பார்க்கத்தான் போகிறேன்.

புந்தோங்கில் எனக்கு ஒரு பேனர் கடை. பிறந்தநாள், கல்யாணம், இரங்கல் எல்லாவற்றுக்கும் பேனர் அடிப்பேன். குழுக்களுக்கு ஜெர்சியும் அடித்துக் கொடுப்பேன். என் மகள் உறுமி மேளம் வாசிக்கிறவள். உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும், மறுபக்கத்தை அடிக்க வேண்டும். அப்போதுதான் அது உறுமும். அவளுடைய குழுவில் எல்லாரும் பையன்கள், இவள் ஒருத்திதான் பெண். இடுப்புக் குழந்தையாக இருந்தபோது இந்தக் கோயிலில்தான் அவள் முதன்முதலில் உறுமிச் சத்தம் கேட்டாள். மற்ற குழந்தைகள் வீறிட்டு அழ, இவள் கையை நீட்டிக்கொண்டு அதன் பக்கம் தாவினாள். ஆற்றங்கரையிலிருந்து அம்மன் சன்னதி வரை வாசித்துக்கொண்டு போக வேண்டும் என்பது அன்றைக்கே அவள் மனதில் விழுந்திருக்க வேண்டும்.

போன வருடத்துக்கு முந்திய வருடத் திருவிழாவில் அவளுடைய குழுவுக்கு அந்த வாய்ப்பு வந்தது. "வெயில் தாங்காது ஆன்ட்டி, கையில்லாம அடிங்க லா" என்று பையன்கள் கேட்டதால், கறுப்பு நிறத்தில் கையில்லாத ஜெர்சி அடித்துக் கொடுத்தேன். முதுகில் சூலம். எல்லாருக்கும் ஒரே துணி, ஒரே அளவு, ஒரே சூலம்.

அன்று நான் பால்குடம் எடுத்திருந்தேன். ஆற்றில் முங்கி எழுந்து, மஞ்சள் சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்க, தலையில் குடத்தோடு வரிசையில் நின்றேன். என்னைப் போல் நிறையப் பெண்கள். யாரும் எங்களைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்போது முன்னால் ஏதோ தடங்கல். எட்டிப் பார்த்தால், கோயில் வளைவுக்குக் கீழே கமிட்டித் தலைவரின் மனைவி நிற்கிறார். கூடை அவர் பொறுப்பில்தான் இருக்கும். நாங்கள் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா என் மகளின் தோளில் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டிருந்தார்.

மகள் போர்த்திக்கொண்டே வாசித்துப் பார்த்தாள். சால்வை நழுவியது. இழுத்துவிட்டு மறுபடி தேய்த்தாள். குச்சியில் சுற்றிக்கொண்டது.

"இதப் போட்டுக்கிட்டு எப்படி அடிக்கிறது ஆன்ட்டி?" என்றாள்.

"மெதுவா அடி" என்றார் அக்கா.

உறுமியை மெதுவாக அடிக்கச் சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். அதே ஜெர்சியில் பையன்கள் இரண்டு பக்கமும் கையை வீசிக்கொண்டு உள்ளே போனார்கள். தலைவர் அண்ணன் சட்டையில்லாமல், தலையில் முண்டாசும் இடுப்பில் ஒரு துண்டுமாக, தொப்பை முன்னே போக, எல்லாரையும் கையை நீட்டி வழிநடத்திக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அங்கேதான் பால்குடம் இருந்தது. குடத்தை இறக்க முடியாது, வாயைத்தான் திறக்க முடியும். "விடுங்கக்கா!" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

மகள் சால்வையை அழகாக மடித்துக் கூடையில் வைத்தாள். உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். பால்குடத்தைச் செலுத்திவிட்டு நானும் போய்ச் சேர்ந்தேன்.

திரும்பி வரும் வழியில் அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இனிமே இந்தக் கோயிலுக்கு வர மாட்டேம்மா. சாமி மேல கோவம் இல்ல. கை வச்ச சட்டதான் போடணும்னா போடுறேன். அவனுங்களும் போடட்டும். எனக்கு மட்டும்னு ஒரு ரூல்ஸ் வேணாம்."

உறுமி அலமாரி மேல் ஏறியது. குழுவுக்கும் போவதை நிறுத்திவிட்டாள். கதவைத் தட்டிச் சத்தத்தைக் குறை என்று பக்கத்து வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. வீடு அமைதியாக இருந்தது, எனக்கு அந்த அமைதி பிடிக்கவே இல்லை.

சில மாதங்கள் கழித்துக் கமிட்டிச் செயலாளர் கடைக்கு வந்தார். கோயில் வாசலுக்கு உடைக் கட்டுப்பாட்டு போர்டு வேண்டுமாம், படத்தோடு. படங்களையும் அவரே போனில் கொண்டுவந்திருந்தார். குட்டைப் பாவாடை, இறுக்கமான கால்சட்டை, கையில்லாத பிளவுஸ், முதுகு திறந்த பிளவுஸ், மெல்லிய சேலை. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பில் ஒரு குறுக்குக் கோடு. எல்லாம் பெண்கள்.

"ஆம்பளைங்க எங்கண்ணே?" என்றேன்.

"ஆம்பளைங்க என்னாத்தக் காட்டப் போறாங்க?"

"நான் வேணும்னா சொல்லட்டா?"

அவர் சிரித்து மழுப்பிவிட்டு, "ஒரு மாதிரி போட்டு அனுப்புமா, பாக்குறேன்" என்று மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார்.

மாதிரி போட்டேன். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. அரைக்கால் சட்டை, கையில்லாத ஜெர்சி, சட்டையே இல்லாத ஒருவர். திருவிழாப் படங்கள் என் கம்ப்யூட்டரில் இருந்தன, அவற்றிலிருந்து உருவங்களை வெட்டி எடுத்து முகம் தெரியாமல் கறுப்பு நிழலாக்கினேன். வேண்டுமென்றே செய்தாயா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். இல்லை. சட்டையில்லாத உருவங்களில் தெளிவாக விழுந்தது அது ஒன்றுதான், சத்தியமாக. அது யாருடைய தொப்பை என்று கவனித்தாயா என்று மட்டும் கேட்காதீர்கள்.

மாதிரியைச் செயலாளருக்கு அனுப்பினேன். அவர் அதைக் கமிட்டிக் குழுவுக்கு அனுப்புவதாக நினைத்து, தோட்டத்து ஆட்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். சிங்கப்பூரில் இருக்கிறவர்கள் வரை பார்த்துவிட்டார்கள். தலையில் முண்டாசு, நீட்டிய வலது கை, முன்னால் தள்ளிய வயிறு. "மச்சான், இது நம்ம தலைவர் லா!" என்று முதலில் ஒருவர் போட்டார். பிறகு அன்று முழுக்க என் போன் நிற்கவே இல்லை.

மறுநாள் தலைவர் அண்ணன் கடைக்கே வந்துவிட்டார். நன்றாகப் பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில். கூடவே அக்காவும்.

"என்னாம்மா இது? என்னைய வச்சு விளையாடுறியா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அக்கா சிரித்துவிட்டார். வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றேன், சட்டையப் போடுங்கன்னு. என் பேச்ச கேக்கல. இப்ப ஊரே சொல்லுது."

"சாமி முன்னால ஆம்பள சட்டையில்லாம நிக்கிறது பக்தி" என்றார் அவர்.

"சரிண்ணே. ஈரச் சேலையில நாங்க நிக்கிறதும் பக்தி. என் பொண்ணு உறுமி அடிக்கிறது மட்டும் என்னா? அதே ஜெர்சிய போட்ட பையனுங்க உள்ள போனாங்க. அவ உறுமி இப்ப அலமாரி மேல இருக்கு." கடைசி வாக்கியத்தில் என் குரல் உடைந்துவிட்டது. சண்டை போடத் தயாராக இருந்தவளுக்கு அது பெரிய சங்கடம்.

அக்காவின் சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் கெட்ட எண்ணத்துல போத்தலம்மா. வளைவுகிட்ட போனத் தூக்கிட்டு நிக்கிறானுங்க. அதுக்கு முந்தின திருவிழாவுல ஒரு பொண்ணப் படம் புடிச்சு, அசிங்கமா எழுதிப் போட்டுட்டானுங்க. அந்தப் புள்ள அப்புறம் கோயிலுக்கே வரல. உம் மகளுக்கும் அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான்."

எனக்கு அது தெரியாது. அக்கா மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது. மீதிப் பாதிக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

"அப்ப போன் வச்சிருந்தவன் தலையிலதானக்கா சால்வையப் போட்டிருக்கணும்?"

அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர், "கமிட்டியில பேசுவோம்" என்றார். எங்கள் கமிட்டியில் பேசுவோம் என்றால், மறந்துவிடு என்று பொருள். ஆனால் அக்கா மறக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. போர்டுக்கான வாசகத்தை அக்காவே எனக்குப் போனில் சொன்னார். படம் ஒன்றும் வேண்டாம். பால்குடம், காவடி என்று நேர்த்திக்கடன் எடுக்கிறவர்களைத் தவிர, ஆண், பெண், மேளக் குழு, கமிட்டி எல்லாரும் தோளும் முட்டியும் மூடி வர வேண்டும். யாரையும் அவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. "கமிட்டிங்கிறத மட்டும் பெரிய எழுத்துல போடு" என்றார். போட்டேன்.

குழுவுக்குப் புது ஜெர்சி, கை வைத்தது. பையன்கள் வெயில் வெயில் என்று முனகினார்கள். ஆனால் அவர்களில் மூத்தவன் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று மகளிடம் சொன்னான்: "அன்னிக்கு நாங்க உள்ள போயிருக்கக் கூடாது. நீ இல்லாம இந்தத் தடவ வாசிக்க மாட்டோம்." அவன் போன பிறகு மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து உறுமியை இறக்கித் தூசி தட்டினாள். நான் அடுப்படியில் வேலையாக இருப்பது போல் நடித்தேன்.

ஆனாலும் அடுத்த திருவிழாவுக்குப் போகும் பஸ்ஸில் அவள் முகம் இறுகித்தான் இருந்தது. போர்டில் எழுதியிருந்தால் போதுமா, வாசலில் நடக்க வேண்டுமே. எனக்கும் அதே பயம்தான்.

மறுபடியும் ஆறு, ஈரச் சேலை, தலையில் குடம். முன்னால் மகளின் குழு உறுமியோடு வளைவை நெருங்கியது. கூடையோடு அக்கா. மகளின் கால் அங்கே தயங்கியதை நான் பார்த்தேன். மேளம் ஓய்ந்தது. அந்த நேரம் பார்த்து ஆற்றங்கரையிலிருந்து வேகவேகமாக வந்து சேர்ந்தார் தலைவர் அண்ணன். இடுப்பில் துண்டு, தலையில் முண்டாசு, மேலே ஒன்றுமில்லை. பழக்கம் அப்படி, மறந்தே போய்விட்டார். நேர்த்தியும் இல்லை, காவடியும் இல்லை.

அக்கா கூடைக்குள் கைவிட்டு, ஓரத்தில் சரிகை வைத்த ஊதா நிறச் சால்வை ஒன்றை எடுத்தார். கணவரின் தோளில் போட்டு, முன்னால் இழுத்து, தொப்பை மறையும்படி ஒழுங்குபடுத்தினார். அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் போர்டைப் பார்த்தார், அதில் பெரிய எழுத்தில் இருந்ததைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

பிறகு வழக்கம்போல் கூட்டத்துக்கு வழிகாட்ட வலது கையை நீட்டினார். சால்வை நழுவியது. இழுத்துவிட்டு மறுபடி நீட்டினார். மறுபடியும் நழுவியது.

"இதப் போட்டுக்கிட்டு எப்படி லா வேல செய்யறது?" என்று எரிச்சலில் கத்தினார்.

"மெதுவா செய்ங்க" என்றார் அக்கா. சொல்லும்போது அவர் பார்த்தது கணவரை இல்லை, என் மகளை.

மகள் சிரித்தாள். அப்படி வாய்விட்டு அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அக்கா நகர்ந்து வழிவிட்டார். மகள் குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்க்க, உறுமி உறுமிக்கொண்டு வளைவைத் தாண்டி உள்ளே போனது. தலையில் பால்குடம் இருந்ததால் என்னால் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை.