பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மான்

இன்று காலை நிலாவெளி பஸ்ஸுக்காகத் திருகோணமலை பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, வெளிநாட்டுத் திரைப்பட விழா ஒன்றிலிருந்து வீடியோ கோல் வந்தது. என் குறும்படத்தைப் பார்த்த தேர்வாளர். தமிழர்தான்.

"தங்கச்சி, படம் நல்லாயிருக்கு. ஆனா பஸ் ஸ்டாண்டில மான் நிக்கிறது கொம்பியூட்டரில செய்த மாதிரி இருக்கு. அதை எடுத்துவிட்டா தெரிவு செய்வம்."

"அண்ணை, அது உண்மையான மான்."

"டவுன் நடுவிலயோ? பகிடி விடாதீங்கோ."

போனைத் திருப்பிக் காட்டினேன். கச்சான் கடலை விற்கிற அக்காவின் கூடைக்குள் ஒரு மான் தலையை விட்டிருந்தது.

"சனியனே, போ அங்கால!" என்று அக்கா ஏசினார். மான் அசையவில்லை.

தேர்வாளர் திரைக்குக் கிட்ட வந்து உற்றுப் பார்த்தார். பிறகு, "சரி, உண்மைதான். ஆனா இங்க பாக்கிற சனம் நம்பாது" என்றார்.

"நம்பாட்டிப் போகட்டும். என்ர ஊரில நிக்கிற மானை என்ர படத்தில இருந்து எடுக்க ஏலாது."

"அப்ப இந்த முறை சரிவராது, தங்கச்சி."

"ஓம், சரிவராது."

படம் மானோடு திருகோணமலை லிங்கநகரில்தான் முதலில் ஓடும்.

ஊர்ச்சனமே, உங்கள் போனில் இருக்கிற மான் படங்களை எல்லாம் இந்தப் பேஸ்புக் பதிவின் கீழே போடுங்கள். அந்த அண்ணையும் என் நண்பர் பட்டியலில்தான் இருக்கிறார்.