நேரில் வந்து சொன்னவள்

போன ஐப்பசியில், எங்கள் தீப்பெட்டி ஆபீசில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்துவந்த பெண், முதலாளியின் செல்போனுக்கு மூன்று வரியில் ராஜினாமா அனுப்பினாள். இன்றிலிருந்து முப்பதாவது நாள் நின்றுகொள்கிறேன், இதுவரை வேலை தந்ததற்கு நன்றி. அவ்வளவுதான்.

"ஆறு வருசம் இருந்த எடம். நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலை பாருங்க" என்றார் முதலாளி. பில் போடுகிற அம்மா, "இப்பத்த பிள்ளைகளே இப்படித்தான்" என்று ஒத்து ஊதினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். மேனேஜராகிய நான் வாய் திறக்கவில்லை.

நேரில் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியும். பல வருடத்துக்கு முன் சாத்தூர்ப் பக்கம் ஓர் அச்சகத்தில் எனக்கு நல்ல வேலை வந்தது. மாமனாரைக் கூட்டிக்கொண்டு, ஒரு பை நிறைய ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு இதே முதலாளியின் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "தாராளமாப் போங்க. தீபாவளி மட்டும் முடியட்டும்" என்றார். தீபாவளி முடிந்தது. மகள் கல்யாணம் முடியட்டும் என்றார். அதற்குள் அச்சகத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். வருத்தம்தான். ஆனாலும் மரியாதை கெடாமல் நடந்துகொண்டேன் என்ற மிதப்பு எனக்கு வெகுநாள் இருந்தது. அந்த மிதப்புதான் பிறகு என்னைக் கெடுத்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், இதே பெண் என் மேஜைக்கு வந்து நின்றாள். நாகலாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள்.

"அண்ணாச்சி, தூத்துக்குடியில ஒரு கப்பல் ஏஜென்சியில வேலைக்குக் கேட்டிருக்கேன். அநேகமா கெடைச்சிரும். தங்கச்சிக்கு அங்கன காலேஜ்ல எடம் கெடைச்சிருக்கு. நான் கூட இருந்தாத்தான் வீட்டுல அவள அனுப்புவாவ. ஆர்டர் கைக்கு வந்ததும் முதலாளிட்ட நானே சொல்லுதேன். உங்ககிட்ட மறைக்க மனசு வரல. அதுவரைக்கும் யார்ட்டயும் சொல்லிராதீங்க."

சரிம்மா என்றேன். மூன்று நாள் தாங்கினேன். முதலாளிக்குத் தெரியாமல் இன்னொரு வாசல் ஏறுவது முறையில்லை என்று உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் போய்ச் சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

எங்கள் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். முதலாளி என் முன்னாலேயே அந்தக் கப்பல் ஏஜென்சிக்குப் போன் போட்டார். "நம்ம ஆபீஸ் பிள்ளை ஒண்ணு உங்ககிட்ட வந்திருக்காமே அண்ணாச்சி. இப்ப விட்டா எங்களுக்குச் சிரமம்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே வேறு சரக்கைப் பற்றிப் பேசினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த வாரம் அவள் மறுபடி வந்து நின்றாள். "அங்க ஆள் எடுக்கலைன்னுட்டாவ. நீங்க சொன்னீங்களா அண்ணாச்சி?"

"முதலாளிக்குத் தெரியாம செய்யக் கூடாதும்மா. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றேன். அவள் திரும்பிப் போய் அன்றைய காகிதங்களை முடித்தாள். அந்த வருடம் தங்கச்சி காலேஜுக்குப் போகவில்லை. புதியம்புத்தூரில் சித்தி வீட்டில் தங்கி, ரெடிமேட் தைக்கிற இடத்தில் காஜா எடுக்கிறாள் என்று பில் போடுகிற அம்மா மூலம் கேள்விப்பட்டேன். அக்காக்காரியிடம் போய் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஆகவே, நேரில் சொல்லவில்லை என்று ஆளாளுக்கு அவளைத் திட்டிய அன்று, 'அவள் என்னிடம் ஒரு தடவை நேரில் சொன்னாள், நான்தான் அந்த ரகசியத்தைக் காப்பாற்றவில்லை' என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, முதலாளி என்ன நினைப்பாரோ என்று பயமாகவும் இருந்தது.

முப்பதாவது நாள், விடுவிப்புக் கடிதத்தை நானே டைப் அடித்து முதலாளியிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன். வாங்கிக்கொள்ள வந்தாள். அறையில் வேறு யாருமில்லை.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்புத்தாம்மா. ரெண்டு வருசமா மனசுல கெடக்கு" என்றேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தங்கச்சியை வருகிற வருடம் காலேஜில் சேர்க்கப் போவதாகவும் சொன்னாள். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. அந்த ஆறுதலில், உண்மையான சந்தோஷத்தோடு கேட்டேன்: "எங்கம்மா சேரப் போற?"

அவள் கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சேந்து ஒரு ஆறு மாசம் முடியட்டும் அண்ணாச்சி. பொறவு சொல்லுதேன்."

என் முகத்துக்கு நேராக நின்று, மரியாதையாகத்தான் சொன்னாள்.