பலகைக்கு நான்கு ஓட்டை

பழைய பல் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, கோபுரச் சுவரில் யாரோ கரியால் கிறுக்கியிருந்த பெயரைத் தேய்த்துக்கொண்டே, மேலே ஏறி வருகிறவர்களைப் பார்த்து ரப்பர் அக்கா சொல்கிறார்: "பையை வேணா கீழ வச்சுட்டு வாங்க. புத்தியைக் கீழ வச்சுட்டு வராதீங்க."

ரப்பர் அக்கா என்பது பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர். குன்றின் உச்சியில் நிற்கும் இந்தப் பழைய கல் கோபுரத்துக்குப் பதினாறு வருடமாக அவர்தான் காவல். சோப்பு போட மாட்டார். கல்லை அரித்துவிடும் என்பார். தண்ணீர், பிரஷ், பொறுமை. அந்தப் பொறுமையும் கல்லிடம் மட்டும்தான். கிறுக்குகிறவர் கையும் களவுமாகச் சிக்கினால், பதிவேட்டில் பெயரும் சேதமும் எழுதிக் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார். புது மாப்பிள்ளை ஒருவர் மனைவி பெயரைச் சாவியால் கீறியபோதும் அப்படித்தான். அவ்வளவு ஆசையென்றால் வீட்டுச் சுவரில் எழுது தம்பி என்றாராம். பக்கத்தில் நின்ற பெண் சிரித்துவிட்டாளாம்.

அக்காவின் கண்ணெதிரேதான் போன மாதம் அந்த அநியாயம் நடந்தது. 'பாதுகாக்கப்பட்ட சின்னம். சேதப்படுத்துவது குற்றம்' என்று எழுதிய இரும்புப் பலகையைத் தொல்லியல் துறையே கொண்டுவந்து, வாசல் கல்லில் டிரில் வைத்து நான்கு ஓட்டை போட்டு முடுக்கியது. தரையில் இரண்டு கம்பம் நட்டு மாட்டலாமே என்று அக்கா கெஞ்சியிருக்கிறார். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? மூன்றாவது ஓட்டையில் கல்லின் மூலை உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. கொஞ்சம் சிமென்ட் பூசினால் தெரியாது என்றாராம் கூட நின்ற அதிகாரி. எத்தனை இடி மின்னலுக்கும் அசையாத கல் அது. எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அக்காவுடையது ஒப்பந்த வேலை. வருடா வருடம் அதே அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் உண்டு. "அத்தை, இந்த ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருங்க" என்று நான் போயிருந்த அன்று காலையில்கூட மருமகன் போனில் சொல்லியிருக்கிறார்.

அன்றுதான் அதிகாரி வந்தார். பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு காவல் அறைக்குள் வந்து, அக்காவின் ஒப்பந்தத் தாளை மேசையில் விரித்துப் பேனா கேட்டார்.

அக்கா பேனாவைக் கொடுக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து அந்தத் தாளின் மேலேயே வைத்தார். தேதி, 'வாசல் கல்லில் நான்கு ஓட்டை, ஒரு மூலை உடைப்பு' எல்லாம் குண்டு குண்டான எழுத்தில் நிரப்பியிருந்தது. பெயருக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் காலி.

"முதல்ல இதுல போடுங்க சார். அதுல போடுறதும் போடாததும் உங்க இஷ்டம்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். ஜன்னல் வழியே வந்த காற்று பக்கத்தைப் புரட்டப் பார்த்தது. அக்கா இழுப்பறையிலிருந்து அந்த உடைந்த மூலையை எடுத்துப் பக்கத்தின் மேல் வைத்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.