சோளத்தட்டை தின்ற பாண்டா

பொங்கலுக்கு எட்டு நாள் இருக்கும்போது என் கணவர் ஏணியிலிருந்து விழுந்தார். ஒரு திறப்பு விழாவுக்குப் பலூன் வளைவு கட்டிக்கொண்டிருந்தவர், கடைசிக் கொத்தை எட்டிக் கட்டப் போனதில் ஏணி சரிந்துவிட்டது. வலது கணுக்கால் முறிந்து, ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும்போதே புலம்பத் தொடங்கிவிட்டார்.

"பாண்டாவுக்கு ஆளு இல்லையேட்டி. ஜவுளிக்கடைக்காரருக்கு வாக்குக் கொடுத்திருக்கேனே."

அலங்கார வேலையோடு அவர் பொம்மை வேஷமும் போட்டுவந்தார். மதுரையில் ஒருவர் கழித்துப்போட்ட பாண்டா உடை ஒன்றை வாங்கி, கிழிசல்களை என்னிடம் தைத்து வாங்கிக்கொண்டு, கடைத் திறப்பு, பிறந்தநாள் என்று போய்க்கொண்டிருந்தார். கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை, பொங்கலுக்கு முந்தின மூன்று நாளும் வாசலில் பாண்டா நிற்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தது.

"நான் போறேன்" என்றேன்.

"உனக்கென்ன கிறுக்கா?"

கிறுக்குதான். எனக்குப் பாண்டாக் கிறுக்கு உண்டு என்பது அவருக்கே தெரியும். தீப்பெட்டி ஆபீசில், அதாவது தொழிற்சாலையில், பண்டல் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் நான் போனில் பார்ப்பது பாண்டாதான். டிவியில் வெட்டுக்குத்து, விபத்து எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் பனியில் உருளும் ஒரு பாண்டாவைக் காட்டுவார்கள். அதற்காகவே முழுச் செய்தியையும் பார்ப்பேன். எங்கோ ஒரு மிருகக்காட்சி சாலையில் குட்டி பிறந்தால் எனக்குத் தெரிந்துவிடும். வெளிநாட்டில் வளர்ந்த பாண்டாக்களை விமானத்தில் ஏற்றிச் சீனாவுக்கு அனுப்பியபோது அந்த ஊர்க்காரர்கள் கண்ணீர் விட்டதைப் பார்த்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நாய்க்குச் சாயம் பூசிப் பாண்டா என்று காட்டிய செய்தி வந்தபோது இரண்டு நாள் சிரித்தேன். எங்கள் தெருவில் யாரும் உயிருள்ள பாண்டாவைக் கண்டதில்லை. ஆனாலும் புத்தகப் பை, போன் உறை, பிள்ளைகளின் செருப்பு என்று எல்லாவற்றிலும் அது வந்து உட்கார்ந்துவிட்டது.

இவற்றில் ஒரு செய்தி மட்டும் மனதில் தங்கிவிட்டது. காட்டில் விடுவதற்காக வளர்க்கும் குட்டிகளிடம் போகும்போது, சீனாவில் அந்த வேலையாட்களே பாண்டா உடை போட்டுக்கொண்டுதான் போவார்களாம். குட்டி மனித முகத்தைப் பார்த்துப் பழகிவிடக் கூடாது என்பதற்காக. என்ன புழுக்கமானாலும் அதன் எதிரில் தலையைக் கழற்ற மாட்டார்கள். அதைப் பார்த்த அன்று கணவரிடம் சொன்னேன். "இங்கன அதெல்லாம் ஆகாது, மூச்சு முட்டிரும்" என்று அவர் சிரித்துவிட்டார்.

அவருடைய பாண்டா குத்துப்பாட்டுக்கு ஆடும், கையை ஆட்டும், பறக்கும் முத்தம் கொடுக்கும். "இது பாண்டா இல்ல, வேஷம் போட்ட நீங்க" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போது அவர் கட்டிலில் கிடந்து பார்க்க, நான் உடையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பழகினேன். பாண்டா பாதத்தை உள்பக்கம் திருப்பி நடக்கும். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் காலை அகல நீட்டிக்கொண்டு, வேலை முடித்து வந்து சுவரில் சாய்ந்தவர் மாதிரி உட்காரும். மூங்கிலின் பட்டையைப் பல்லால் உரித்துப் போட்டுவிட்டுத் தின்னும். காரணமே இல்லாமல் தலைகீழாக ஒரு உருட்டு உருளும். பாயை விரித்து அந்த உருட்டைத்தான் அதிகம் பழகினேன். முதல் தடவை பீரோவில் இடித்துக்கொண்டேன். நான்காம் நாள் கணவரே, "மூங்கிலுக்குப் பதிலாக் கரும்பு வாங்கிட்டுப் போ" என்றார்.

கரும்பு சரிப்படவில்லை. பஞ்சு வைத்த பாண்டாக் கையால் அதை ஒடிக்க முடியாது. பக்கத்து வீட்டில் மாட்டுக்குப் போட்டிருந்த பச்சைச் சோளத்தட்டையை எடுத்துப் பார்த்தேன். சடக்கென்று ஒடிந்தது. இலையும் மூங்கில் இலை போலவே நீளமாகத் தொங்கியது. ஒரு கட்டு கேட்டு வாங்கிக்கொண்டு, பாண்டாவைச் சாக்கில் திணித்து டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

கடை மேனேஜர் என் பின்னால் யாரோ வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"ஆம்பள யாரும் வரலியா?"

"நான்தான் அண்ணாச்சி."

"இது பொம்பளைக்குச் சரிப்படாதும்மா. கூட்டத்துல நாலு பேரு கையப் பிடிப்பான், தோள்ல கையப் போடுவான்."

"அதுக்குத்தான அண்ணாச்சி பொம்மைய வாசல்ல நிறுத்துதீங்க? மத்தியானம் வரைக்கும் பாருங்க. சரியில்லன்னா நானே போயிருதேன்."

அவருக்கும் வேறு வழி இல்லை. ஸ்டோர் ரூமைக் காட்டினார்.

வீட்டில் போட்டுப் பழகியதற்கும் வெயிலில் நிற்பதற்கும் சம்பந்தமே இல்லை. பத்தே நிமிடத்தில் முதுகு நனைந்துவிட்டது. பாண்டாவின் வாய்க்குள் வைத்த வலை வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். எதிரே வருபவர்களின் இடுப்பும் செருப்பும் தெரியும், முகம் தெரியாது. ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள். பயத்தில் நானும் கையைக் காலை ஆட்டினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்படியே போனால் மத்தியானத்தோடு கதை முடிந்துவிடும் என்று தோன்றியது. ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கடைப்படியில் காலை நீட்டி உட்கார்ந்தேன். தட்டையை எடுத்து ஒடித்து, பட்டையை வாயருகே கொண்டுபோய் உரித்துப் போட்டேன். உரித்ததை வாய்க்குள் தள்ளினேன். துண்டுகள் உள்ளே என் கழுத்தில் விழுந்து அரிக்கத் தொடங்கின.

வேட்டி கட்டிய இரண்டு கால்கள் என் முன்னால் நின்றன.

"ஏலே, இங்கன பாரு. சோளத்தட்டையைத் திங்குது!"

"பாண்டால்லா அது? சைனாக்காரன் கரடி."

"லைட்டர அனுப்பி நம்ம தீப்பெட்டித் தொழிலக் கெடுத்தது காணாதுன்னு கரடியையும் அனுப்பிட்டானா?"

உள்ளே இருப்பது ஒரு தீப்பெட்டி ஆபீஸ்காரி என்று அவருக்கு எப்படித் தெரியும்? சிரிப்பு குரலாக வெளியே வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கால்கள் நான்காயின, இருபதாயின. ஒரு பெண் குழந்தை என் கையில் ஒரு தட்டையைக் கொடுத்துவிட்டு, நான் தின்று முடிக்கும்வரை இடத்தை விட்டு நகரவில்லை. மத்தியானம் மேனேஜர் ஸ்டோர் ரூமுக்கு மோர் கொடுத்துவிட்டார். போகச் சொல்லவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு இரண்டு இளவட்டங்கள் வந்தார்கள்.

"உள்ள யாருடே? மூஞ்சியக் காட்டு."

ஒருவன் பாண்டாவின் தலையைப் பிடித்து மேலே இழுத்தான். இன்னொருவன் போனை நீட்டிப் படம் எடுத்தான். தாடைக்குள் இருந்த கம்பி என் உதட்டில் குத்தியது. வாயில் ரத்தம் கரித்தது. "விடுலே" என்று கத்தியிருந்தால் விட்டிருப்பான். ஆனால் என் குரல் கேட்ட அந்த நொடியில் பாண்டா செத்துப்போகும். சுற்றி அத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள். எங்கேயோ மலைக்காட்டில் புழுக்கத்தோடு குட்டிக்குப் பால் கொடுக்கப் போகும் அந்த ஆட்களை நினைத்துக்கொண்டேன். தலையை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கழற்றப் போவதில்லை. அதை முடிவு செய்ததும் பயம் போய்விட்டது.

முதுகை வளைத்து அப்படியே ஒரு உருட்டு உருண்டேன், பாயில் பழகிய அதே உருட்டு. பாண்டாவின் மொத்தக் கனமும் இழுத்தவன் கால்மேல் விழுந்தது. அவன் பின்னால் சாய்ந்து, சேலை கட்டி நிறுத்தியிருந்த பொம்மையோடு சேர்ந்து தரையில் கிடந்தான். கூட்டம் ஓ என்று சிரித்தது. நான் எழுந்து உட்கார்ந்து, கீழே கிடந்த தட்டையைத் தேடி எடுத்துத் தின்ன ஆரம்பித்தேன். கைதட்டல் கேட்டது. உள்ளே எனக்குக் கண்ணீரும் வியர்வையும் சேர்ந்து வழிந்தன. கடை சொன்ன நேரம்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டோர் ரூமில் என் உதட்டைப் பார்த்து மேனேஜர் பதறிப்போனார்.

"நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன். நீ வீட்டுக்குப் போம்மா."

"நாளைக்கும் நான்தான் வருவேன் அண்ணாச்சி. ஆனா அரை மணிக்கு ஒருக்க உள்ள வந்து தலையக் கழத்தணும். இங்கன ஒரு ஃபேன் வேணும். வாசல்ல செக்யூரிட்டி எம்பக்கத்துலயே நிக்கணும்."

இதற்கு முன் இங்கே வந்து நின்றபோதெல்லாம் என் கணவர் இதில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லையாம். மேனேஜர் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுச் சொல்லிவைத்தார். பிறகு, "ஃபேன் ஆபீஸ் ரூம்ல ஒண்ணு சும்மாதான் கெடக்கு" என்றார்.

வீட்டில் கணவர் என் உதட்டைப் பார்த்ததும் கட்டிலில் எழுந்து உட்கார முயன்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் பாண்டாவின் முதுகைத் திருப்பச் சொன்னார். அங்கே ஒரு சிறிய கரிந்த வட்டம் இருக்கும். ஏதோ தீப்பொறி பட்டது என்று சொல்லித்தான் என்னிடம் தைக்கக் கொடுத்திருந்தார்.

"ஒரு கல்யாண மண்டபத்துல சிகரெட்ட வச்சுச் சுட்டானுவ. நான் தலையக் கழத்தி எறிஞ்சிட்டு அடிக்கப் போயிட்டேன். பிள்ளையெல்லாம் என் மூஞ்சியப் பாத்து அழுதிச்சு. அதான் உங்கிட்டச் சொல்லல."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நாளைக்குப் போகாத" என்று சொல்வார் என நினைத்தேன். "கம்பியில பஞ்சு வச்சுக் கட்டணும், ஊசி நூல எடு" என்றார். இருவருமாகத் தாடைக் கம்பியைச் சுற்றிப் பஞ்சு வைத்துத் தைத்தோம்.

மூன்று நாளும் போனேன். மூன்றாம் நாள் பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்தில் இருந்த அம்மாள் தன் போனைக் காட்டினாள். "இதப் பாத்தியாம்மா? நம்ம கோவில்பட்டியில பாண்டா ஒண்ணு சோளத்தட்டை திங்குது." யாரோ எடுத்த வீடியோ. நான் உருண்டது, அவன் விழுந்தது எல்லாம் இருந்தது. "நல்லாத் திங்குது" என்று மட்டும் சொன்னேன். என் காலடியில் சாக்குக்குள் இருந்தது அந்தப் பாண்டா.

அதற்குப் பிறகு கழுகுமலையிலிருந்து ஒரு பள்ளிக்கூடமும் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு பாத்திரக்கடையும் கூப்பிட்டார்கள். வாரத்தில் ஐந்து நாள் தீப்பெட்டி ஆபீஸ், சனி ஞாயிறு பாண்டா என்று வைத்துக்கொண்டேன். மாவுக்கட்டு பிரித்த வாரம் ஒரு பிறந்தநாள் விழா வந்தது. கணவர் நொண்டிக்கொண்டே சாக்கை அவிழ்த்து உடையை வெளியே எடுத்தார்.

"என்ன செய்யுதீங்க?"

"கால் சரியாயிட்டுல்லா. இனிமே நான் போட்டுக்கிடுதேன்."

"நீங்க பக்கத்துல நில்லுங்க. கிட்ட வாரவனப் பாத்துக்கிடுங்க. உள்ள நான்தான்."

அவர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். உடையைக் கொடியில் போட்டு உதறினார். பிறகு முதுகுப் பக்க ஜிப்பை இறக்கி, நான் காலை நுழைக்கத் தோதாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.